பௌரான்: சொல் விளக்கம்

பௌரான் அயர்லாந்தின் தோற்கருவி. மரவளையத்தின் ஒரு பக்கம் ஆட்டுத்தோல் போர்த்தியிருக்கும், மறுபக்கம் திறந்திருக்கும். குறுக்களவு பெரும்பாலும் 35 முதல் 45 செ.மீ. bodhrán என்ற எழுத்தை மட்டும் பார்த்து 'போத்ரான்' என்று படித்துவிடுகிறோம். நடுவிலுள்ள அந்தத் தகர ஒலி ஐரிஷ் பேச்சில் எப்போதோ கரைந்துவிட்டது. பௌரான் என்பதே சரி.

வேர்ச்சொல்லின் பழைய ஐரிஷ் வடிவம் 'போதர்'. காது கேளாத, மங்கிய, அமுங்கிய என்று பொருள். சமஸ்கிருத 'பதிர', அதிலிருந்து வந்த இந்தி 'பஹரா' இரண்டும் இதற்கு உறவு. கணீரென்று ஒலிக்காமல் அமுங்கி ஒலிப்பதால் இந்தப் பெயர் என்கிறார்கள். தானியம் புடைக்கும் தோல்தட்டுதான் கருவியாக மாறியது என்றும் ஒரு கருத்து உண்டு. டிசம்பர் 26 அன்று வேடமிட்டு வீடுவீடாகப் போகும் ரென் குருவி ஊர்வலத்தில் ஒலித்துவந்த இதை, 1960களில் ஐரிஷ் இசையமைப்பாளர் ஷான் ஓ ரியாடா தன் இசைக்குழுவில் சேர்த்து மேடைக்குக் கொண்டுவந்தார்.

சரி, தமிழில் என்ன சொல்வது? மேளம், மத்தளம் இரண்டும் பொருந்தாது. அவை இருமுகக் கருவிகள். ஒருமுகத் தோல், வளையச் சட்டம், குச்சியடி மூன்றும் சேர்ந்தது நம் பறை. 'பறை' என்றால் சொல்லுதல் என்றும் பொருள். கேளாமையில் பிறந்த பெயருக்குப் பக்கத்தில் பேச்சைக் குறிக்கும் பெயர்! எனக்கு இது மிகவும் பிடித்த பொருத்தம். கருவியின் பெயரைப் பௌரான் என்றே வைத்துக்கொண்டு, அதன் வகையை 'வளையப்பறை' என்று சொல்லலாம்.

பறைக்கு இரு குச்சிகள். பௌரானுக்கு ஒன்றுதான், 'டிப்பர்' அல்லது 'கிப்பீன்' என்பார்கள். நாம் அடிகுச்சி என்றால் போதும். அதைப் பேனா போலப் பிடித்து, ஈரக்கையை உதறுவதுபோல் மணிக்கட்டை மேலும் கீழும் அசைக்க வேண்டும். மறுகை உள்ளிருந்து தோலை அழுத்தித் தளர்த்தும்போது சுருதி ஏறி இறங்கும். 'கும்' என்ற ஆழ்ந்த ஒலியும் அந்தக் கையில்தான் வரும்.

கற்பவர் திணறும் இடம் ஜிக் என்ற ஐரிஷ் நடன மெட்டு. அதைத் 'தகிட தகிட' என்று சொல்லிப் பாருங்கள். கீழடி, மேலடி என்று மாறிமாறிப் போனால் முதல் 'த' கீழடியிலும் அடுத்த 'த' மேலடியிலும் விழும். மேலடியிலும் அதே அழுத்தம் வர வேண்டும். ரீல் என்ற மற்றொரு நடன மெட்டு 'தகதிமி' கணக்கு. அங்கே இந்தச் சிக்கல் இல்லை. அப்புறம், கூடி வாசிக்கும் இடத்தில் ஏற்கெனவே ஒரு பௌரான் ஒலித்தால், உங்களுடையதை மடியில் வைத்துக் காத்திருப்பதே அங்குள்ள மரியாதை.