பழைய டி.வி.யை உடனே பிளக்கில் சொருகாதீர்கள்

இரண்டாம் உலகப் போர் முடிந்த மறு ஆண்டு, 1946இல், அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. நிறுவனம் 630-டி.எஸ். என்ற தொலைக்காட்சிப் பெட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பத்து அங்குல வட்டப் பிக்சர் டியூப், ஏறத்தாழ முப்பது வால்வுகள் (மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் கண்ணாடிக் குழல்கள்), விலை 350 டாலருக்கு மேல். போருக்கு முன்பே, 1939 நியூயார்க் உலகக் கண்காட்சியில், இதே நிறுவனம் டி.வி.யைக் காட்டியிருந்தாலும், அமெரிக்காவில் பெருவாரியாக வீடுகளுக்குள் நுழைந்தது 630தான். அதனால்தான் பழைய பெட்டிகளைத் தேடுபவர்கள் கையில் இன்றும் அவ்வப்போது ஒன்று அகப்படுகிறது.

அகப்பட்டதும் எல்லோருக்கும் ஒரே ஆசைதான்: சொருகித்தான் பார்ப்போமே! அந்த ஒரு நிமிட ஆசையில் டிரான்ஸ்ஃபார்மர் கருகிப்போன பெட்டிகள் ஏராளம்.

பழைய டி.வி. என்றால் வால்வு போயிருக்கும் என்பது பொதுவான நினைப்பு. உண்மையில் வால்வுகள் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். சும்மா கிடந்தே கெட்டுப்போவது கண்டன்சர்கள், அதாவது நேர்மின்சாரத்தைத் தடுத்து சிக்னலை மட்டும் விடும், மின்னேற்றத்தைச் சேர்த்து வைக்கும் பாகங்கள். அந்தக் காலத்துக் காகிதக் கண்டன்சர் என்பது, இரண்டு உலோகத் தாள்களுக்கு நடுவே காகிதம் வைத்துச் சுருட்டி, மேலே மெழுகு பூசியது. மெழுகில் விழும் மயிரிழை விரிசல் போதும், காகிதம் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். மின்சாரத்தைத் தடுக்க வேண்டியது மெல்லக் கசியவிடும்.

கசிவு எவ்வளவு இருந்தால் ஆபத்து? ஒரு வால்வின் பிளேட்டில், அதாவது மின்னோட்டம் வந்து சேரும் தகட்டில், 200 வோல்ட் இருக்கிறது. அங்கிருந்து சிக்னலை மட்டும் அடுத்த வால்வின் கிரிடுக்கு (மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் கம்பி வலைக்கு) கடத்துவது இந்தக் கண்டன்சரின் வேலை. கிரிடிலிருந்து தரைக்கு 470 கிலோ ஓம் ரெசிஸ்டர். கண்டன்சர் 10 மெகா ஓம் அளவுக்குக் கசிந்தால் கிரிடில் ஏறக்கூடியது ஏறக்குறைய 9 வோல்ட். சில வோல்ட் மைனஸில் இருக்க வேண்டிய கிரிட் பிளஸ் பக்கம் போனால், வால்வு கட்டுப்பாடில்லாமல் மின்னோட்டத்தை இழுக்கும். அதன் பிளேட் சிவக்கும். அதோடு சேர்ந்த டிரான்ஸ்ஃபார்மர் சூடாகி அறுந்துபோகும். மல்டிமீட்டரை நம்பியும் பயனில்லை. அது சில வோல்ட்டில் சோதிக்கிறது. கசிவோ 200 வோல்ட்டில்தான் தன் முழு முகத்தைக் காட்டும். ஆகவே காகிதக் கண்டன்சர் ஒவ்வொன்றையும் சோதிக்காமலே மாற்றிவிடுவதுதான் புத்திசாலித்தனம்.

பவர் சப்ளையில் இருக்கும் எலக்ட்ரோலிட்டிக் கண்டன்சர்களின் கதை வேறு. அவற்றில் மின்தடுப்பாக இருப்பது அலுமினியத்தின் மேல் படிந்த மெல்லிய ஆக்சைடு படலம். மின்சாரம் ஓடிக்கொண்டிருந்தால்தான் படலம் தேறி நிற்கும். பல ஆண்டு சும்மா கிடந்தால் நலிந்துவிடும். திடீரென்று முழு வோல்ட்டேஜ் கொடுத்தால் உள்ளே சூடாகி, வாயு சேர்ந்து, வெடிக்கவும் கூடும். இவற்றையும் மாற்றிவிட்டு, ஒரு குண்டு பல்பைத் தொடராக இணைத்துத்தான் முதல் மின்சாரம் கொடுப்பார்கள். எங்காவது ஷார்ட் இருந்தால் பல்பு பளிச்சென்று எரியும், டிரான்ஸ்ஃபார்மர் தப்பிக்கும்.

சில ஆர்வலர்கள் பழைய காகிதக் குழாயைச் சூடாக்கி, உள்ளிருப்பதை உருவி எடுத்து, சின்னதாக ஒரு புதுக் கண்டன்சரைப் பொதிந்து மறுபடி மெழுகு ஊற்றி மூடுகிறார்கள். பாகங்கள் பொருத்திய உலோகத் தட்டான சேசிஸைக் கவிழ்த்துப் பார்த்தாலும் 1946 போலவே தெரியும். யார் கவிழ்த்துப் பார்க்கப் போகிறார்கள் என்பது வேறு விஷயம்.

பிக்சர் டியூப் போயிருந்தால் மட்டும் சங்கடம். அதன் கழுத்துக்குள் வெள்ளிபோல் ஒரு பேரியம் பூச்சு தெரியும். அது பால்வெள்ளையாக மாறியிருந்தால் காற்று புகுந்துவிட்டது, டியூப் அவ்வளவுதான். நல்ல டியூபையும் பயந்து பயந்துதான் தூக்க வேண்டும். பத்து அங்குல முகத்தின் மேல் வெளிக்காற்று அரை டன் எடைக்கு அழுத்திக்கொண்டிருக்கிறது.

இவ்வளவும் செய்த பிறகு பாட்டுச் சத்தம் கேட்கிறது, திரை மட்டும் இருட்டு என்று வைத்துக்கொள்வோம். பிக்சர் டியூபைச் சந்தேகிக்கத் தோன்றும். ஆனால் இந்தப் பெட்டியில் வெளிச்சத்துக்கு வேண்டிய 9,000 வோல்ட் மெயின் டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து வருவதில்லை. நம்மூர் மெக்கானிக்குகள் இ.எச்.டி. என்று சொல்வார்களே, அது திரையில் படத்தைக் கோடு கோடாக வரைகிற வேலையின் உபரி. எலக்ட்ரான் கற்றையை இடமிருந்து வலமாக நொடிக்கு 15,750 தடவை இழுக்கச் சுருளில் மின்னோட்டம் சீராக ஏறுகிறது. ஒரு கோட்டுக்கு 63.5 மைக்ரோ நொடி. கோட்டின் முடிவில் 6பி.ஜி.6 வால்வு சட்டென்று மூடிக்கொள்ள, கற்றை பத்து மைக்ரோ நொடிக்குள் இடப்பக்கம் திரும்பியாக வேண்டும். பாய்ந்துவரும் தண்ணீரைத் திடீரென்று அடைத்தால் குழாய் அதிர்கிற மாதிரி, சுருளில் சேர்ந்திருந்த ஆற்றல் ஆயிரக்கணக்கான வோல்ட்டாக எகிறுகிறது. ஃப்ளைபேக் டிரான்ஸ்ஃபார்மர் அதை இன்னும் உயர்த்தி, 1பி.3 என்ற வால்வு வழியாக நேர்மின்சாரமாக்கித் தருகிறது. அந்த வால்வின் இழையைச் சூடாக்கவும் தனி ஏற்பாடில்லை; ஃப்ளைபேக்கைச் சுற்றி ஒரு கம்பி வளையம், அவ்வளவே.

ஆக, கோடு வரைவது நின்றால் வெளிச்சமும் போய்விடும். கண்டுபிடிக்கச் சுலபமான வழி காதுதான். கோட்டுச் சுற்று ஓடினால் ஃப்ளைபேக்கிலிருந்து ஊசிபோல் ஒரு கீச்சொலி வரும். வயதானவர்களுக்குக் கேட்காது, வீட்டில் ஒரு சிறுவனைக் கூப்பிட்டால் சொல்லிவிடுவான். ஒலி இல்லையென்றால் பழுது கோட்டுச் சுற்றில். ஒலி இருந்தும் இருட்டென்றால் 1பி.3 பக்கம் பார்க்கலாம். ஆனால் மின்சாரத்தை நிறுத்திய பிறகும் அங்கே மின்னேற்றம் தங்கியிருக்கும், அதைத் தரைக்கு இறக்கிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

கடைசியாக, பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? 630இன் சேனல் குமிழில் 1 என்ற எண்ணும் உண்டு. அந்த அலைவரிசையை 1948இலேயே டி.வி.யிடமிருந்து பறித்துவிட்டார்கள். மற்றவற்றிலும் அமெரிக்காவின் பெரிய அனலாக் நிலையங்கள் 2009 ஜூன் 12 அன்று மூடப்பட்டன. இப்போது டிஜிட்டல் கன்வர்ட்டர் பெட்டியை வாங்கி, அது தரும் சிக்னலை 3ஆம் சேனலில் பிடிக்கிறார்கள். கன்வர்ட்டரின் கேபிள் 75 ஓம், 630இன் ஆன்டெனா முனை 300 ஓம். நடுவில் ஒரு சிறு மேட்சிங் டிரான்ஸ்ஃபார்மர் போட்டால் சிக்னல் வீணாகாமல் முழுசாக உள்ளே போகும்.