சட்டைவா, சட்டைவஸ், சட்டைவம்: மூன்றும் ஒரே சொல்தான்

நெல்லின் அறிவியல் பெயர் ஒரைசா சட்டைவா. வெள்ளரி குக்குமிஸ் சட்டைவஸ். பூண்டு அல்லியம் சட்டைவம். கொத்தமல்லியும் சட்டைவம்தான். செடிகளுக்கு இப்படி இரட்டைப் பெயர் வைத்த ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் 1753-இல் வெளியிட்ட நூலில் இவை எல்லாமே இருக்கின்றன.

லத்தீனில் 'செரெரே' என்றால் விதைத்தல். அந்த வினையிலிருந்து வந்த பெயரடைதான் சட்டைவஸ். 'மாம்பழ சீசன்' என்கிறோமே, அந்தச் சீசனும் இதே வினையின் வழியில் பிரெஞ்சுக்குப் போய் ஆங்கிலம் ஏறி வந்ததுதான். விதைப்பு என்பது விதைப்புக் காலமாகி, பிறகு பொதுவாகவே பருவம் என்று பொருள் விரிந்துவிட்டது.

சரி, ஈறு ஏன் மாறுகிறது? லத்தீனில் பெயரடை தான் தழுவும் பெயரின் பாலைப் பின்பற்ற வேண்டும். ஒரைசா பெண்பால், அதனால் சட்டைவா. அல்லியம் இரண்டிலும் சேராத நடுப்பால், அதனால் சட்டைவம். குக்குமிஸ் என்ற பெயரை மட்டும் பார்த்தால் பால் தெரியாது. பின்னால் நிற்கும் சட்டைவஸ்தான் அது ஆண்பால் என்று காட்டிக்கொடுக்கிறது. தமிழில் இந்தத் தொல்லை இல்லை. நல்ல பையன், நல்ல பெண், நல்ல மாடு என்று 'நல்ல' அப்படியே நிற்கும். நல்லவன், நல்லவள், நல்லது என்று பெயராகும்போதுதான் பால் தலைகாட்டும்.

தமிழில் சட்டைவஸை 'விதைக்கப்பட்ட' என்று எழுதுவது வேருக்குப் பொருந்தும், செடிக்குப் பொருந்தாது. பூண்டை விதைப்பதில்லை, பல்லைப் பிரித்து ஊன்றுகிறோம். குரோக்கஸ் சட்டைவஸ் என்ற குங்குமப்பூச் செடியோ விதையே வைக்காது. அதில் குரோமோசோம்கள் மூன்று தொகுதிகளாக இருப்பதால் மலடு; மனிதர் கிழங்கைப் பிரித்து நட்டால்தான் பெருகும். ஆகவே 'பயிரிடப்படும்' என்பதே சரியான சொல். இதற்கு எதிர்ச்சொல்லான சில்வெஸ்ட்ரிஸ், காடு என்ற பொருளுள்ள 'சில்வா'விலிருந்து வந்தது. அதற்குத் தமிழில் 'காட்டு' கச்சிதமாகப் பொருந்துகிறது.

பட்டாணி பைசம் சட்டைவமாக இருந்தது. அதை லாத்திரஸ் பேரினத்தில் (பேரினம் என்பது நெருங்கிய இனங்களின் தொகுதி; அறிவியல் பெயரின் முதல் சொல் அதுதான்) சேர்ப்பவர்கள் ஈற்றை மட்டும் மாற்றி லாத்திரஸ் சட்டைவஸ் என்று வைக்க முடியவில்லை. கேசரிப் பருப்புக்கு அந்தப் பெயர் ஏற்கெனவே இருந்தது. அதனால் பட்டாணிக்கு ஒலரேசியஸ், அதாவது 'கறிகாய்க்கு உரிய' என்ற வேறொரு பெயரடை வந்தது.