வீட்டிலேயே பல் வெளுக்குமா?

கல்யாணத்துக்கு இன்னும் 20 நாள் என்ற நிலையில் ஒரு பெண் தன் அம்மாவோடு என் பல் கிளினிக்குக்கு வந்தார். ஒரு வருஷமாகக் கரித்தூள், கடைசி மூன்று மாதம் எலுமிச்சைச் சாறும் உப்பும் போட்டுத் தேய்த்திருக்கிறார். பல் வெளுக்கவில்லை, தண்ணீர் பட்டாலே கூச்சம். ஈறோரத்தில் பல்லின் கெட்டியான மேல்பூச்சான எனாமல் தேய்ந்து, அடியில் இருக்கும் டென்டின் என்ற அடுக்கின் மஞ்சள் எட்டிப் பார்த்தது. வெளுப்பாக்கத்தான் தேய்த்தார், தேய்த்ததாலேயே மஞ்சளானது.

எலுமிச்சை அமிலம் எனாமலை இளக்கும், உப்பும் கரியும் இளகியதை அரைத்தெடுக்கும். தேய்ந்த எனாமலை உடம்பு மறுபடி வளர்க்காது. இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு மனசு கனக்கும்.

அப்படியானால் வீட்டில் செய்யும் எதுவுமே பலிக்காதா என்று அவருடைய அம்மா கேட்டார். பலிக்கும். பல் மருத்துவர் அச்சு எடுத்து, உங்கள் பல் வரிசைக்கென்றே செய்து தரும் மெல்லிய ட்ரேயும் 10% கார்பமைடு பெராக்சைடு ஜெல்லும் போதும். ஹேவுட், ஹேமன் என்ற இரண்டு அமெரிக்கப் பல் மருத்துவர்கள் 1989-இல் எழுதிய முறை இது. நான் இன்றும் முதலில் பரிந்துரைப்பது இதைத்தான். இந்த ஜெல் வாயில் பிரிந்து, சுமார் 3.5% ஹைட்ரஜன் பெராக்சைடை மெதுவாக வெளிவிடும். அது எனாமல் வழியாக உள்ளே இறங்கி நிறம் தரும் மூலக்கூறுகளை உடைக்கிறது. சுரண்டல் கிடையாது. ட்ரேயில் ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு பொட்டு ஜெல் வைத்து, இரவு போட்டுக்கொண்டு தூங்க வேண்டும். பெரும்பாலோருக்கு இரண்டு வாரத்தில் வித்தியாசம் நன்றாகத் தெரியும். சிறு வயதில் டெட்ராசைக்ளின் மருந்து சாப்பிட்டதால் சாம்பல் படிந்த பற்களுக்கு மட்டும் மாதக்கணக்கில் பொறுமை வேண்டும்.

கிளினிக்கில் ஒரே மணி நேரத்தில் செய்வது இதைவிட நன்றாக நிற்குமா என்றும் கேட்பார்கள். நாற்காலியை விட்டு எழும்போது பளிச்சென்று தெரிவதில் ஒரு பங்கு, பல் காய்ந்துபோனதால் வரும் வெள்ளை. சில நாளில் எச்சில் ஊறியதும் அது இறங்கிவிடும். வீட்டில் மெதுவாக வந்த நிறமும் நிரந்தரமில்லை. பலருக்கு ஒன்றிலிருந்து மூன்று வருஷம் வரை நிற்கும். நாளுக்கு ஐந்து டீ, சிகரெட் என்றால் சீக்கிரம் மங்கும்.

எல்லா மஞ்சளும் ஒரே மஞ்சள் அல்ல. வெற்றிலைக் கறையும், பல்லில் கெட்டியாகப் படிந்த காரையும் கிளினிக்கில் செய்யும் ஸ்கேலிங் என்ற சுத்தத்திலேயே போய்விடும், ஜெல் வேண்டாம். தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் ஃப்ளோரைடு மிகுந்த நிலத்தடி நீர் குடித்து வளர்ந்தவர்களின் பழுப்புத் திட்டுகளுக்கு ஜெல் மட்டும் போதாமல் போகலாம். ஆரம்ப நாட்களில் வெள்ளைத் திட்டு இன்னும் எடுப்பாகக்கூடத் தெரியும். ஒரே ஒரு பல் மட்டும் கறுத்திருந்தால், எப்போதோ அடிபட்டு உள்ளே நரம்பு செத்திருக்கலாம். அதை எக்ஸ்ரே எடுத்துப் பார்க்காமல் வெளுக்கவே கூடாது. பல்லுக்கு மேல் மாட்டும் கேப்பும் பல் நிற அடைப்பும் துளிகூட வெளுக்காது. அதனால் முன்பல்லில் அடைப்பு மாற்ற வேண்டியிருந்தால், வெளுப்பு முடிந்து இரண்டு வாரம் கழித்து மாற்றுங்கள். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் தள்ளிப்போடுவது நல்லது.

சரி, அந்தப் பெண்ணுக்கு என்ன செய்தேன்? கல்யாணத்துக்கு முன்னால் ஜெல் தர மறுத்துவிட்டேன். அவ்வளவு கூச்சத்தோடு பெராக்சைடு வைத்தால் மணமேடையில் பாலும் பழமும்கூட வாயில் வைக்க முடியாது. பல்லைச் சுத்தம் செய்து, பொட்டாசியம் நைட்ரேட் உள்ள கூச்சப் பேஸ்ட் கொடுத்து, மென்மையான பிரஷ்ஷுக்கு மாறச் சொன்னேன். அவர் முகம் வாடியது. ஆனாலும் கேட்டுக்கொண்டார்.

மூன்று மாதம் கழித்துக் கூச்சம் அடங்கியதும் ட்ரே செய்தோம். தினமும் வேண்டாம், ஒருநாள் விட்டு ஒருநாள் போடுங்கள் என்றேன். ஒரு மாதத்தில் பல்லின் நிறம் இரண்டு ஷேடு, அதாவது இரண்டு படி, வெளுத்தது. இரண்டாம் நாளே கொஞ்சம் கூசியது, இரண்டு இரவு நிறுத்தியதும் சரியாகிவிட்டது.

ஒன்றரை வருஷம் கழித்து, லேசாக மங்குகிறது என்று அதே ட்ரேயை டப்பாவோடு கொண்டுவந்தார். வெந்நீரில் கழுவி வளைத்துவிடாமல் பத்திரமாக வைத்திருந்தார். புது ஜெல் ஒன்று, மூன்று இரவு. அவ்வளவுதான் தேவைப்பட்டது.