பருத்திக்கொட்டையும் பாலும்: ஒரு கால்நடை மருத்துவரின் குறிப்பு

போன மாதம் காங்கேயம் பக்கம் ஒரு தோட்டத்துக்கு மாட்டுக்குச் சினை பார்க்கப் போயிருந்தேன். வேலை முடிந்து கை கழுவும்போது அந்த வீட்டு அக்கா தயங்கித் தயங்கிக் கேட்டார்: "ஏனுங்க டாக்டர், பருத்திக்கொட்டை திங்கற மாட்டுப் பாலைக் குடிச்சா புற்றுநோய் வருமாமுங்க, நெசமுங்களா?" அது மரபணு மாற்றிய பருத்தியின் கொட்டை என்பதால் அப்படி என்று வாட்ஸ்அப்பில் வந்ததாம். பேத்தி குடிக்கிற பாலாச்சே என்று பயந்து, கொட்டையை நிறுத்திவிட்டுக் கடலைப் புண்ணாக்கை ஊறவைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

அந்தச் செய்தியில் ஒரு உண்மை உண்டு. பி.டி. பருத்தி என்ற மரபணு மாற்றிய பருத்திக்கு இங்கே 2002-ல் அனுமதி கிடைத்தது. இன்று நாட்டில் விளையும் பருத்தியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் அதுதான். நம் மாடுகள் மரபணு மாற்றிய பயிரின் கொட்டையைத்தான் பல வருடமாகத் தின்கின்றன.

ஆனால் புற்றுநோய்? மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவின் மரபணுவைப் பருத்தியில் சேர்த்திருக்கிறார்கள். அது தரும் புரதம் காய்ப்புழுவின் குடல் சுவரில் ஒட்டி, அதை ஓட்டையாக்கிக் கொல்கிறது. ஒட்டிக்கொள்ள அப்படியொரு இடம் மாட்டின் குடலிலும் இல்லை, நம் குடலிலும் இல்லை. ஜெர்மனியில் கறவை மாடுகளுக்கு 25 மாதம் பி.டி. மக்காச்சோளம் கொடுத்துப் பார்த்தார்கள். பாலில் அந்தப் புரதம் தென்படவில்லை.

அப்புறம் புண்ணாக்கு மூட்டையைப் பார்க்கக் கேட்டேன். கட்டுத்தரையின் ஓதமேறிய சுவரோரம், வெறும் தரையில் கிடந்தது. ஒரு கட்டியை உடைத்தேன். உள்ளே பச்சையாகப் பூசணம், மக்கல் வாடை. எனக்குப் பகீரென்றது. இந்தப் பூசணம் உண்டாக்கும் அஃப்ளாடாக்சின் புற்றுநோய் தரும் என்று உறுதியாகத் தெரிந்த நஞ்சு. மாடு தின்றால் அதில் ஒரு பங்கு உருமாறிப் பாலிலும் இறங்கும், காய்ச்சினாலும் போகாது. ஒரு கிலோ பாலில் அரை மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்று அரசே வரம்பு வைத்திருக்கிறது. பயந்த நோய் வேறு வழியில் வரப் பார்த்தது.

மரபணு மாற்றம் நல்லதா கெட்டதா என்று மொத்தமாகக் கேட்பது, ஊசி நல்லதா கெட்டதா என்று கேட்பது போலத்தான். எந்த ஊசி, எந்த மாட்டுக்கு, எவ்வளவு? சாப்பிடலாமா என்பது ஒரு கேள்வி. வயலில் பலன் நிற்குமா என்பது வேறு. இளஞ்சிவப்புக் காய்ப்புழு பி.டி.க்குப் பழகிவிட்டதால் மறுபடி மருந்தடிக்க வேண்டியிருக்கிறது. விதை யார் கையில் என்பது இன்னொன்று. நம் கோவை வேளாண் பல்கலைக்கழகமும் பங்கெடுத்த பி.டி. கத்தரிக்காய் 2010-ல் நிறுத்திவைக்கப்பட்டபோது, கம்பெனியைச் சாராத சோதனைகள் போதவில்லை என்பது ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. நியாயமான கேள்வி அது. ஒன்றுக்கான பதிலை இன்னொன்றுக்குச் சொல்லக் கூடாது. (கோ-4 தீவனப்புல்லையும் சிலர் மரபணு மாற்றியது என்கிறார்கள். கம்பையும் நேப்பியர் புல்லையும் இனக்கலப்பு செய்த புல் அது, அவ்வளவுதான்.)

மூட்டையைக் குழி தோண்டிப் புதைக்கச் சொன்னேன். புதுசு வாங்கினால் பலகை மேல், சுவரை விட்டுத் தள்ளி வைக்கச் சொன்னேன்.

"அப்போ கொட்டை வெக்கலாமுங்களா?"

"வையுங்கக்கா. கன்னுக்குட்டிக்கு மட்டும் வேண்டாம். அதுல காசிபால்னு ஒரு நஞ்சு இயற்கையாவே இருக்கு. பெரிய மாடு தாங்கும், குட்டி தாங்காது."