திரும்ப ஓட்டிப் பார்க்க முடியாத முடிவு

இயந்திரம் விதிப்படி நடக்கும், மனிதன் தன் விருப்பப்படி நடப்பான் என்று சொல்லிவிடுவது எளிது. சாட்ஜிபிடி போன்ற உரையாடல் கருவிகளை இயக்கும் ‘மொழி மாதிரி’ அடுத்த சொல்லை எப்படித் தேர்கிறது என்று கிட்டப்போய்ப் பார்த்தால் அந்தக் கோடு கலங்கிவிடுகிறது.

மூன்று சொற்கள் போட்டியில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மாதிரி அவற்றுக்கு 2, 1, 0 என்று மதிப்பெண் போடுகிறது. நிகழ்தகவாக மாற்றினால் ஏறத்தாழ 67, 24, 9 சதவீதம். தேர்வில் தற்செயலுக்கு எவ்வளவு இடம் என்பதைக் கட்டுப்படுத்தும் ‘வெப்பநிலை’ என்னும் அளவை 1இலிருந்து 0.5க்குக் குறைத்தால் முதல் சொல்லின் பங்கு 87 சதவீதத்துக்கு ஏறும். 2 ஆக்கினால் 51க்கு இறங்கும். அதன்பிறகு பகடை உருட்டுவதுபோல ஒரு சொல் எடுக்கப்படுகிறது. அந்தப் பகடையும் தொடக்கத்தில் கொடுக்கும் ‘விதை எண்’ ஒன்றிலிருந்து கணக்கிட்டு வருவதுதான். அதே கேள்வி, அதே விதை எண் என்றால் அதே பதில் வரவேண்டும். சில சமயம் வராது. மாதிரியை ஓட்டும் ஜிபியு என்னும் கணிப்புச் சில்லு ஆயிரக்கணக்கான கூட்டல்களைப் பிரித்துச் செய்கிறது. ஒவ்வொரு கூட்டலிலும் தசம எண்கள் தோராயமாக்கப்படுவதால், கூட்டும் வரிசை மாறினால் கடைசி இலக்கம் பிசகும். சம பலத்தில் நிற்கும் இரு சொற்களில் மற்றது முந்திவிடும். இந்தப் பிசகைச் சுதந்திரம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். கணிக்க முடியாமை வேறு, சுயவிருப்பம் வேறு.

மூளைக்கும் இதே கேள்வி உண்டு. 1983இல் நரம்பியல் ஆய்வாளர் பெஞ்சமின் லிபெட் வெளியிட்ட சோதனையில், 2.56 விநாடிக்கு ஒரு சுற்று வரும் புள்ளியைப் பார்த்தபடி, தங்களுக்குத் தோன்றும்போது கையை அசைக்கும்படி பங்கேற்றவர்களிடம் சொன்னார்கள். அசைக்கும் எண்ணம் எழுந்தபோது புள்ளி எங்கே இருந்தது என்று சொல்லவேண்டும். மூளையின் மின் அலை அசைவுக்கு ஏறத்தாழ 550 மில்லி விநாடி முன்பே உயரத் தொடங்கியது. எண்ணம் உணரப்பட்டதோ 200 மில்லி விநாடி முன்புதான். ‘மூளை முடிவெடுத்துவிட்டு நமக்குத் தாமதமாகச் சொல்கிறது’ என்ற வாதம் இங்கிருந்துதான் வலுப்பெற்றது.

அந்த வாதத்தில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. தனி ஒரு முயற்சியின் அலை, மூளையின் தற்செயலான மின் ஏற்ற இறக்கமான ‘இரைச்சலில்’ மூழ்கிவிடும்; அதனால் 40 முயற்சிகளை அசைவு நேரத்தில் ஒன்றாகப் பொருத்தி, பின்னோக்கிச் சராசரி எடுக்கிறார்கள். மூளையின் இரைச்சல் தற்செயலாக ஏறி ஒரு வரம்பைத் தொடும்போது கை அசைகிறது என்றால், அசைவில் முடிந்த துண்டுகளை மட்டும் சேர்த்தால் ஏறும் கோடுதானே கிடைக்கும்? 2012இல் ஆரோன் ஷுர்கரும் உடன்பணியாளர்களும் இதைக் கணித மாதிரியால் காட்டினார்கள். அந்த உயர்வு முடிவே அல்ல, முடிவுக்கு முந்தைய ஏற்ற இறக்கம் மட்டுமே என்ற அவர்களின் விளக்கம்தான் பொருத்தமாகப்படுகிறது.

எனவே இரு பக்கமும் இரைச்சல் உண்டு, வரம்பு உண்டு. உண்மையான வித்தியாசம் வேறிடத்தில் இருக்கிறது. இயந்திரத்தை முந்தைய நிலைக்குக் கொண்டுபோய், அதே கேள்வியை ஆயிரம் முறை போட்டு, எந்த எண் எதை மாற்றியது என்று பார்க்கலாம். மூளையை அப்படித் திருப்பிவைக்க வழியில்லை. ‘வேறுவிதமாகவும் செய்திருக்க முடியுமா?’ என்ற சோதனையை மனிதனிடம் ஒருமுறைகூட நடத்த முடியாது. தேர்வு செய்யும்போதே நரம்பிணைப்புகள் மாறுகின்றன; இன்று தேர்ந்தவர் நாளை சற்றே வேறொருவராக அடுத்த தேர்வுக்கு வருகிறார். வழக்கமான மொழி மாதிரியிலோ, பதில் சொல்லி முடித்த பிறகும், பயிற்சியில் அமைந்த எண்களான ‘எடைகள்’ ஓர் இலக்கம்கூட மாறாமல் அப்படியே இருக்கின்றன.