கனத்த மார்பகங்களும் அகற்றலுக்குப் பின் தோலின் ரத்த ஓட்டமும்

மார்பகப் புற்றுநோய்க்காக மார்பகத்தை அகற்றிவிட்டு, அதே அறுவையில் மறுசீரமைப்பும், அதாவது மார்பக வடிவத்தை மீண்டும் உருவாக்குவதும், செய்வதாக இருந்தால், மருத்துவர் உள்ளே இருக்கும் பால் சுரப்பித் திசுவை முழுவதும் எடுத்துவிட்டு, மேலுள்ள தோலை இயன்றவரை விட்டுவைப்பார். அதுவரை அடித்திசுவின் வழியாகவும் ரத்தம் பெற்றுவந்த அந்தத் தோல், அன்று முதல் மார்பெலும்பின் ஓரத்திலிருந்தும் அக்குள் பக்கத்திலிருந்தும் வந்து தோலின் அடிப்பரப்பில் பரவும் நுண்ணிய ரத்தக்குழாய்களை மட்டுமே நம்பிப் பிழைக்க வேண்டும். பெரிய மார்பகம் உள்ள பெண்களுக்கு இந்த அறுவையின் பலன் எப்படி அமையும் என்பதைப் பெருமளவு தீர்மானிப்பது இந்த ரத்த ஓட்டமே.

கழுத்தடிக் குழியிலிருந்து முலைக்காம்பு வரை உள்ள தூரம், நடுத்தர அளவுள்ள மார்பகத்தில் ஏறத்தாழ 21 செ.மீ. இருக்கும்; கனத்துத் தாழ்ந்த மார்பகத்தில் 30 செ.மீ.யையும் தாண்டும். ராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலும் தெருக்கோடியில் குடியிருப்பவர்களுக்கு இதன் விளைவை விளக்கத் தேவையில்லை: குழாய் நீள நீள, கடைசி வீட்டுக்கு வரும் தண்ணீரின் வேகம் குறைந்துகொண்டே போகும். விட்டுவைத்த தோல் மடலின் நுனிக்கும் முலைக்காம்புக்கும் அப்படித்தான் ரத்தம் குறைகிறது. போதிய ரத்தம் இல்லாத ஓரம் முதலில் ஊதா நிறமாகி, சில நாட்களில் கறுத்துக் காய்கிறது. அந்த இடத்தில் காயம் பிரிந்தால், மார்பக வடிவத்துக்காக உள்ளே வைத்த சிலிகான் பையான இம்பிளான்ட் வெளியே தெரியவும், கிருமி தொற்றவும், அதை எடுத்துவிடவும் நேரலாம். இவற்றைவிடக் கவலை தருவது, காயம் ஆறும்வரை கீமோவும் கதிர்வீச்சும் தள்ளிப்போவதுதான்.

தோல் மிகுதியாக இருப்பதால் அதைக் குறைத்துத் தைக்கவும் வேண்டும். அமெரிக்க மருத்துவர் ராபர்ட் வைஸ் 1956இல், மார்பகத்தைச் சிறிதாக்கும் அறுவைக்காக, உள்ளாடையின் வெட்டு வடிவத்தை ஆராய்ந்து வகுத்த கோட்டு முறையே இன்றும் பரவலாகப் பின்பற்றப்படுகிறது. அதில் தையல், நங்கூரத்தைப் போல நெட்டுக்கோடாக இறங்கி மார்பின் அடிமடிப்பில் கிடைக்கோட்டைச் சந்திக்கிறது. மூன்று ஓரங்கள் கூடும் அந்தச் சந்திப்பே ரத்தம் மிகக் குறைவாகவும் இழுவிசை மிக அதிகமாகவும் உள்ள இடம் என்பதால், காயம் பெரும்பாலும் அங்கேதான் பிரிகிறது. எனவே, வெட்டி எறியவேண்டிய கீழ்ப்புறத் தோலை எறியாமல், அதன் மேற்படலத்தை மட்டும் சீவி நீக்கி, உள்தோலை இம்பிளான்ட்டுக்குக் கீழிருந்து தாங்கும் தொட்டிலாக மடித்துத் தைக்கிறார்கள். மேல் தையல் சற்றுப் பிரிந்தாலும் உள்ளே இன்னொரு உயிருள்ள திரை காத்து நிற்கும். சிறிய மார்பகம் உள்ளவர்களுக்கு இவ்வளவு உபரித் தோல் கிடைப்பதில்லை.

எந்தத் தோல் பிழைக்கும் என்பதை அறுவை மேசையிலேயே கணிக்கவும் வழி உண்டு. இந்தோசயனின் கிரீன் என்னும் சாயத்தை ரத்தநாளம் வழியே செலுத்தி, அகச்சிவப்புக் கேமராவில் பார்த்தால், ரத்தம் எட்டும் பகுதி ஒளிரும். எட்டாத பகுதி இருண்டே கிடக்கும். நோயாளியின் கையில் உள்ள காரணங்களும் இருக்கின்றன. கட்டுப்படாத சர்க்கரை, மிகை உடல் எடை, புகையிலை ஆகிய மூன்றுமே காயம் ஆறுவதைக் கெடுக்கின்றன. வடசென்னையில் வயதான பெண்கள் பலர், புகைபிடிக்கும் பழக்கம் உண்டா என்று கேட்டால் நேர்மையாகவே இல்லை என்பார்கள். முந்தானையில் முடிந்திருக்கும் வெற்றிலை புகையிலையைப் பற்றி யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். அதிலும் நிக்கோட்டின் இருக்கிறது, அதுவும் ரத்தக்குழாயைச் சுருக்குகிறது. அறுவைக்குக் குறைந்தது 4 வாரம் முன்பே அதை நிறுத்தியாக வேண்டும்.

இம்பிளான்ட்டுகள் பெரும்பாலும் 800 மில்லிலிட்டருக்குள்தான் கிடைக்கின்றன. அகற்றப்படும் மார்பகமோ ஒரு கிலோவுக்கு மேல் இருக்கக்கூடும். கதிர்வீச்சும் சேர்ந்தால், இம்பிளான்ட்டைச் சுற்றி உருவாகும் உறை இறுகிக் கல்லாகும் வாய்ப்பு கூடுகிறது. ஆகவே சொந்தத் திசுவை எடுத்து வைக்கும் முறைகளைப் பற்றியும் கேட்டறிவது நல்லது. முதுகின் அகன்ற தசையைத் திருப்பி முன்னே கொண்டுவருவது ஒரு முறை. அடிபம்பின் கைப்பிடியைக் கீழே அழுத்தும்போது உழைக்கும் தசை அதுதான். தினமும் பத்துக் குடம் அடிக்கும் பெண்ணிடம் அதை எடுப்பதற்கு முன், அவர் வேலையைப் பற்றி மருத்துவர் விசாரித்தாக வேண்டும். அடிவயிற்றுத் தோலையும் கொழுப்பையும் மட்டும், தசையை எடுக்காமல், ரத்தக்குழாயுடன் எடுத்து மார்பில் பொருத்துவது மற்றொன்று. 2, 3 மி.மீ. அகலமே உள்ள குழாய்களைப் பெரிதாக்கிக் காட்டும் கருவியின் அடியில் இணைக்கும் இந்த நுண்ணறுவைத் திறன், துண்டான விரலை ஒட்டவைக்கவும் தேவைப்படுவதே. ஸ்டான்லி அரசு மருத்துவமனை கை அறுவையிலும் பிளாஸ்டிக் அறுவையிலும் பெயர்பெற்றது என்பதை வடசென்னைவாசிகள் அறிவார்கள். அறுவை பல மணி நேரம் நீளும். பருமனானவர்களுக்கு வயிற்றுக் காயம் ஆறவும் தாமதமாகலாம். ஆனால் அந்த மார்பகம் உடலோடு சேர்ந்தே மெலியும், பெருக்கும்.

மார்பகத்தை அகற்றத்தான் வேண்டுமா என்ற கேள்வியைப் பெரிய மார்பகம் உள்ளவர்கள் முதலிலேயே எழுப்ப வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கட்டியை மட்டும் நீக்கிக் கதிர்வீச்சு அளித்தாலும் உயிர்வாழும் வாய்ப்பு குறைவதில்லை என்பதை, இத்தாலியிலும் அமெரிக்காவிலும் நடந்த ஆய்வுகளின் 20 ஆண்டு முடிவுகள் 2002இல் உறுதிசெய்தன. கட்டியைச் சுற்றித் தாராளமாக வெட்டிவிட்டு, மீதமுள்ள திசுவைக் கொண்டு மார்பகத்தைச் சிறிதாக வடிவமைக்க, கனத்த மார்பகமே தோதானது. கட்டி மார்பகத்தின் பல இடங்களில் பரவியிருப்பது போன்ற சில நிலைகளில் இது பொருந்தாமல் போகலாம்.

மறுசீரமைப்பு வேண்டாம் என்பதும் முழுமையான, மதிக்கத்தக்க முடிவே. அப்போது அக்குள் ஓரத்தில் தோல் மடிப்பாகத் துருத்தி நிற்காதபடி தட்டையாகத் தைக்கச் சொல்லலாம். ஆனால் ஒரு பக்கம் மட்டும் கனம் தொங்குவதால் கழுத்தும் தோளும் வலிக்கக்கூடும். அதற்கு ஈடாக அணியும் சிலிகான் வடிவமும் கனமானதே. மறுபக்க மார்பகத்தைச் சிறிதாக்கும் அறுவை இங்கே அழகுக்கான கூடுதல் வேலை அன்று, சிகிச்சையின் பகுதி. கதிர்வீச்சு முடிந்து, இந்தப் பக்கத்தின் வடிவம் நிலைபெற்ற பிறகு அதைச் செய்வது பொதுவான வழக்கம். அப்போது எடுக்கும் திசுவையும் பரிசோதனைக்கு அனுப்பியாக வேண்டும், ஏனெனில் ஸ்கேனில் சிக்காத சிறு புற்று சிலரிடம் அங்கேதான் கண்டறியப்படுகிறது.