ரெய்டு கார்டின் மேல் இசட்எஃப்எஸ் போடாதீர்கள்

பழைய சர்வர்களில் ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளத்தை நிறுவிக் கொடுப்பதும், பிறர் நிறுவியதைச் சரிசெய்வதும் என் தொழில். சென்ற வாரம் ஒரு சிறு நிறுவனத்திலிருந்து மறுபடியும் அதே அழைப்பு. பல டிஸ்குகளை ஒன்றாக்கிக் காட்டும் ரெய்டு கார்டிலேயே நான்கு ஹார்டு டிஸ்குகளை ரெய்டு 5 (ஒரு டிஸ்க் செத்தாலும் தரவு தப்பும் அமைப்பு) ஆக்கி, வெளியே தெரிந்த ஒற்றை டிஸ்கின் மேல் இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமையைப் போட்டிருந்தார்கள். கணக்குக் கோப்புகள் சில திறக்கவில்லை. இசட்எஃப்எஸ்ஸின் நிலையைக் காட்டும் 'இசட்பூல் ஸ்டேட்டஸ்' கட்டளை, கெட்ட கோப்புகளின் பெயர்களைப் பட்டியலிட்டதோடு நின்றுவிட்டது.

"இரட்டைப் பாதுகாப்பு இருந்தும் எப்படிக் கெட்டது?" என்கிறார்கள். இரட்டைப் பாதுகாப்பு என்று யார்தான் சொல்லிக் கொடுத்தார்களோ! இசட்எஃப்எஸ், எழுதும் ஒவ்வொரு துண்டுத் தரவுக்கும் ஒரு சரிபார்ப்பு எண்ணைக் குறித்துவைக்கிறது. படிக்கும்போது அது பொருந்தாவிட்டால், மற்ற டிஸ்குகளின் துணையோடு சரியான தரவை மீட்டுத் திருத்துகிறது. அந்த மற்ற டிஸ்குகள் அதன் கண்ணில் பட வேண்டாமா? நான்கையும் கார்டு ஒன்றாகக் காட்டினால், பிழை இருப்பது இசட்எஃப்எஸ்ஸுக்குத் தெரியும், திருத்த வழியிருக்காது. திருத்தும் தரவு கார்டிடம் இருக்கிறது, ஆனால் டிஸ்க் தானாகப் பிழை என்று சொல்லும்வரை அதற்குச் சந்தேகமே வராது. நோயைக் கண்டவரிடம் மருந்தில்லை, மருந்து வைத்திருப்பவருக்கு நோய் தெரியவில்லை. அந்தக் கார்டே பழுதானாலோ, அதே குடும்பத்துக் கார்டைத் தேடி அலைய வேண்டும். மின்சாரம் போனாலும் கார்டின் நினைவகத்தில் இருக்கும் தரவைக் காக்கும் பேட்டரியும் இத்தனை வருடத்தில் செத்திருக்கும். வேகம் குறைகிறதே என்று, டிஸ்கில் எழுதும் முன்பே நினைவகத்தில் வைத்துக்கொண்டு 'எழுதியாயிற்று' என்று சொல்லும் ரைட்-பேக் கேஷைக் கட்டாயமாக இயக்கி வைப்பவர்களை என்ன சொல்வது? ஒரு மின்வெட்டு போதும்.

2009இல் வந்த டெல் பவர்எட்ஜ் ஆர்710 பழைய சந்தையில் நிறையக் கிடைக்கிறது. அதில் பெர்க் 6/ஐ என்ற ரெய்டு கார்டு இருந்தால் கழற்றிவிடுங்கள். அது டிஸ்குகளை நேரடியாகக் காட்டாது, ஒரு டிஸ்கில் 2 டெராபைட்டைத் தாண்டவும் விடாது. ஒவ்வொரு டிஸ்கையும் தனித்தனி ரெய்டு 0 ஆக்குவது ஒப்பேற்றல்தான். எஸ்ஏஎஸ்2008 சிப் உள்ள கார்டை வாங்கி, டிஸ்குகளை அப்படியே நேரடியாகக் காட்டும் ஐடி ஃபர்ம்வேர் ஏற்றிப் பொருத்துங்கள். ஃப்ரீபிஎஸ்டியின் எம்பிஎஸ் டிரைவர் அதை உடனே கண்டுகொள்ளும். கேபிளும் மாறும், சேர்த்தே வாங்கிவிடுங்கள்.

சர்வர் 32 பிட் மட்டுமே என்றால் ஃப்ரீபிஎஸ்டி 14ஆம் பதிப்பு வரிசையே கடைசி. 15 அதில் ஏறாது.

உண்மையான தரவை ஏற்றும் முன், சர்வர் ஓடும்போதே ஒரு டிஸ்கை உருவிப் பாருங்கள். பூல் (இசட்எஃப்எஸ் சேர்த்து ஆளும் டிஸ்குகளின் தொகுப்பு) தாக்குப்பிடிக்கிறதா, புது டிஸ்கை ஏற்கிறதா என்று அன்றைக்கே தெரிந்துவிடும். தரவின் நகல் வேறொரு இயந்திரத்தில் இருக்கட்டும், எந்த ரெய்டும் அதற்கு ஈடாகாது. குறித்த இடைவெளியில் வேலைகளை ஓட்டும் பீரியாடிக்கின் அமைப்புக் கோப்பில், ஸ்கிரப் என்ற சரிபார்ப்பை இயக்கிவிடுங்கள். இயக்காதவரை அது தானாக ஓடாது. இயக்கிவிட்டால் 35 நாட்களுக்கு ஒருமுறை எல்லாத் தரவையும் படித்துச் சரிபார்க்கும். அதன் அறிக்கை ரூட் கணக்கின் அஞ்சலுக்குத்தான் வரும். தயவுசெய்து அதை நீங்கள் தினமும் பார்க்கும் முகவரிக்குத் திருப்பிவிடுங்கள்.